ஸ்ட்ரேஸில் விட்டுப்போன ஒரு எழுத்து

ராத்திரி 12:45க்கு ஃபோன். எடுத்தால், பாலக்கோடு பக்கத்துத் தம்பி. தூரத்துச் சொந்தம். நான் இந்தத் தொழிலில் இருப்பதைப் பார்த்து அவனும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான் என்று அவங்க வீட்டில் என்னைக் குறை சொல்வார்கள்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? சர்வர் நின்னுடுச்சு."

இது நடந்து மூணு வருஷம் ஆகிறது. அவன் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். கம்பெனி பெயர் வேண்டாம். லாரிகளில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் பெட்டிகள் அனுப்புகிற தகவலை வாங்கி மேப்பில் காட்டுகிற மென்பொருள். சர்வர் நின்றால் மேப்பில் லாரிகளும் நிற்கும். தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்த லாரி, திரையில் முக்கால் மணி நேரமாக ஒரே வளைவில் நின்றால் நாமக்கல்லில் இருக்கிற ஓனருக்கு எப்படி இருக்கும்? தொப்பூர் என்றால் என்ன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஸ்ட்ரேஸ் போட்டுப் பாத்தியா?"

"போட்டேண்ணா. ஒரே ஒரு வரிதான் வருது. ஃப்யூடெக்ஸ் வெயிட். அதுக்கு மேல நகரல."

"அப்ப லாக்தான். மெயின் த்ரெட் எதோ லாக்ல மாட்டிக்கிச்சு. ரீஸ்டார்ட் பண்ணிடு, காலைல பாத்துக்கலாம்."

தூக்கக் கலக்கத்தில் சொன்னேன் என்று சாக்கு சொல்லலாம். ஆனால் முழுசாக விழித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மறுநாள் அறிக்கையில் "மெயின் த்ரெட் பூட்டில் சிக்கி சர்வர் நின்றது" என்று எழுதினார்கள். மெயின் ஃபங்ஷன் இருக்கிற கோப்பைக் கடைசியாகத் தொட்டவன் இவன். அந்த வருஷ அப்ரைசலில் அது ஒரு வரியாக ஏறியது.

அந்த ஒரு வரி ஸ்ட்ரேஸ் வெளியீடு பொய் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டதாக நினைத்துக்கொண்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கமாண்ட் லைன் கருவிகளை எப்படி உபயோகிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பக்கம் இருக்கிறது. அந்தக் கருவிகளை ஒரு புத்தகத்தை விமர்சிப்பதுபோல யாரும் விமர்சித்து நான் பார்த்ததில்லை. ஒரு கருவியின் டிஃபால்ட் என்பது அதன் முதல் வாக்கியம். எதை முதலில் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, விட்டதைச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும்.

(தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை: பூட்டும் "லாக்", பதிவும் "லாக்". இனிமேல் பூட்டு, பதிவு என்றே எழுதுகிறேன். த்ரெட்டை இழை என்று எழுத ஆசைதான். பட்டுக்கூடு ஏலம் நடக்கிற ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் வேலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

ஸ்ட்ரேஸிடம் வருவோம். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராமின் எண்ணைக் கொடுத்து, -பி போட்டு ஒட்டினால், அது அந்த எண்ணுள்ள த்ரெட்டில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் புரோகிராமின் எண்ணும் மெயின் த்ரெட்டின் எண்ணும் ஒன்றே. ஆக, 12 த்ரெட் உள்ள சர்வரில் நீங்கள் பார்ப்பது ஒன்றை. மீதி 11 பேரும் என்ன செய்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் -எஃப் என்று ஒரு எழுத்து சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் "12 த்ரெட்களுடன் ஒட்டிக்கொண்டேன்" என்று முதல் வரியிலேயே எண்ணிக்கை சொல்லும். சேர்க்காவிட்டால் வெறுமனே "ஒட்டிக்கொண்டேன்" என்று சொல்லும். என் புகார் இங்கேதான். ஒன்றை மட்டும் காட்டுவது ஒரு முடிவு, அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் "இன்னும் 11 இருக்கு, நான் பார்க்கலை" என்று ஒரு வரி சொல்வதில் என்ன கஷ்டம்? அந்த ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

வரலாறு தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். ஸ்ட்ரேஸை முதலில் எழுதியவர் பால் கிரானன்பர்க், சன்ஓஎஸ்ஸுக்காக, 1990களின் தொடக்கத்தில். போசிக்ஸ் த்ரெட் தரம் வந்தது 1995ல். அந்த எஃப் எழுத்தே ஃபோர்க் ஆகிப் பிறக்கும் பிள்ளைப் புரோகிராம்களைப் பின்தொடர வந்தது. லினக்ஸில் த்ரெட்டும் குளோன் என்ற அழைப்பில் பிறப்பதால் அதே எழுத்துக்குக் கீழே த்ரெட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அடியில் இருக்கிற பிட்ரேஸ் இன்னும் பழசு, 1970களின் யூனிக்ஸ். ஒரு புரோகிராம் என்றால் ஒரே ஓட்டம் என்று இருந்த காலத்து ஏற்பாடு.

மற்றதும் இதே கதைதான். டாப்பில் த்ரெட் தெரிய பெரிய எச். பிஎஸ்ஸில் பெரிய எல். ஜிடிபியில் பேக்ட்ரேஸ் என்று அடித்தால் ஒரே த்ரெட்டின் அடுக்குதான் வரும், எல்லாம் வேண்டுமென்றால் "த்ரெட் அப்ளை ஆல் பிடி" என்று முழுசாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மந்திரம். தெரிந்தவனுக்குப் பிரச்சினை இல்லை. நடுராத்திரி உட்கார்ந்திருக்கிறவன் பெரும்பாலும் தெரியாதவன்தான். தெரிந்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், என்னைப்போல.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. நான் 2002ல் பிஇ முடித்தேன். அப்போது லினக்ஸில் இருந்தது பழைய லினக்ஸ்த்ரெட்ஸ். அதில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி புரோசஸ் எண். பிஎஸ் அடித்தால் ஒரே புரோகிராம் இருபது வரியாக வந்து நிற்கும். நினைவகத்தை இருபது மடங்கு தின்கிறது என்று லேபில் பயந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு 2.6 கெர்னலோடு என்பிடிஎல் வந்தது, இருபதும் ஒரே எண்ணுக்குள் அடங்கியது. அதுதான் போசிக்ஸ்படி சரி, பார்ப்பதற்கும் சுத்தம். ஆக மறைத்தது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. பரபரப்பான சர்வரில் -எஃப் போட்டுப் பாருங்கள், திரை கண்ணில் நிற்காது. சர்வரும் மெதுவாகும், சில சமயம் அந்த மெதுவிலேயே பிழை காணாமல் போய்விடும்.

சரி, ஆனால் இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜாவா 1995ல் த்ரெட்டோடு சேர்ந்தே பிறந்த மொழி. ஓடுகிற ஜாவா புரோகிராமுக்கு கில் -3 அனுப்பினால், அல்லது ஜேஸ்டாக் அடித்தால், எல்லா த்ரெட்டும் பெயரோடு வரும். யார் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறார், யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கும். இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றால் கடைசியில் அதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். எந்த எழுத்தும் சேர்க்க வேண்டாம். சோலாரிஸின் பிஸ்டாக்கும் கேட்காமலே எல்லாரையும் காட்டும். ரெட்ஹேட் பக்கத்தில் ஜிஸ்டாக் என்று ஒன்று இருக்கிறது, அது ஜிடிபியைக் கூப்பிட்டு எல்லா த்ரெட்டையும் வாங்கித் தருகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதியவர் செய்தது மிக நல்ல விமர்சனம் என்பேன்: ஜிடிபியின் டிஃபால்ட் தப்பு என்று வாயால் சொல்லாமல் மாற்றிக் காட்டிவிட்டார்.

இரண்டு மாசம் கழித்து அதே சர்வர் மறுபடியும் நின்றது. மறுபடியும் நடுராத்திரி, மறுபடியும் ஃபோன். இந்தத் தடவை நான் எழுந்து உட்கார்ந்தேன். திரையைப் பகிர கம்பெனியில் அனுமதி இல்லை. அவன் வாசிக்க வாசிக்க நான் நோட்டில் எழுதினேன்.

-எஃப் போட்டதும் 12 வரி வந்தது. பன்னிரண்டும் ஃப்யூடெக்ஸ் வெயிட். "எல்லாமே நிக்குதுண்ணா" என்றான், குரலே போய்விட்டது. ஆனால் ஃப்யூடெக்ஸ் வெயிட் என்றால் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம் இல்லை, தூங்குகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பூட்டுக்காகவும் தூங்கலாம், வேலை வரட்டும் என்றும் தூங்கலாம், இன்னொரு த்ரெட் முடியட்டும் என்றும் தூங்கலாம். எல்லாவற்றுக்கும் கெர்னலில் ஒரே கதவு. இதையும் ஸ்ட்ரேஸ் சொல்லாது. அடைப்புக்குறிக்குள் இருக்கிற எண்களை வாசிக்கச் சொன்னேன்.

மெயின் த்ரெட்டின் வரியில் மதிப்பு என்ற இடத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. அது அடுத்து பார்க்கப்போகிற ஒரு த்ரெட்டின் எண். அதாவது மெயின் எந்தப் பூட்டிலும் மாட்டவில்லை. மற்ற த்ரெட்களைக் கிளப்பிவிட்டு, முதலாவது முடியட்டும் என்று ஜாயினில் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் நல்லா ஓடும்போதும் அது அங்கேதான் இருக்கும். மாசக்கணக்கில் அங்கேதான் இருந்திருக்கிறது. முதல் தடவை நாங்கள் பார்த்து "மாட்டிக்கிச்சு" என்று தீர்ப்பு எழுதினது, நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளை.

மீதி 11. அதில் ஒன்று டேட்டாபேஸில் எழுதுகிற த்ரெட், வரிசை காலி, வேலை இல்லாமல் தூக்கம். ஒன்பது பேர் ஒரே முகவரியில் காத்திருந்தார்கள், மதிப்பு 2. ஜிலிப்சியில் பூட்டின் மதிப்பு 2 என்றால் யாரோ பிடித்திருக்கிறார்கள், பின்னால் ஆள் காத்திருக்கலாம் என்று பொருள். மிச்சம் ஒருத்தர் மட்டும் வேறு முகவரியில், அங்கேயும் 2.

ஒன்பது பேர் கூட்டத்தைப் பார்த்ததும் கண் அங்கேதான் போகும். போகக் கூடாது. தனியாக நிற்கிற அந்த ஒருத்தரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஜிடிபியை ஒட்டி எல்லா அடுக்கையும் எடுத்தோம். தனியாக நின்றது பதிவு எழுதுகிற த்ரெட். ஒன்பதில் எட்டு, லாரிப் பெட்டிகளிடமிருந்து தகவல் வாங்குகிறவை. ஒன்பதாவது, செட்டிங்ஸ் கோப்பு மாறினால் மறுபடி படிக்கிற த்ரெட்.

அடுத்த படி பலருக்குத் தெரியாது. பூட்டின் முகவரியை ஜிடிபியில் பிதிரெட் மியூடெக்ஸ் வகையாக மாற்றி அச்சிட்டால் உள்ளே ஓனர் என்று ஒரு புலம் இருக்கும். பூட்டைப் பிடித்திருக்கிற த்ரெட்டின் எண் அதில் இருக்கும். ஒன்பது பேர் காத்திருந்த பூட்டின் ஓனர், பதிவு த்ரெட். பதிவு த்ரெட் காத்திருந்த பூட்டின் ஓனர், செட்டிங்ஸ் த்ரெட். நடு இரவு 12 மணிக்குப் பதிவுக் கோப்பை மாற்ற வேண்டும். பதிவு த்ரெட் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டே, புதுக் கோப்பை எந்த டைரக்டரியில் திறப்பது என்று செட்டிங்ஸைக் கேட்கப் போனது. அதே நொடியில் செட்டிங்ஸ் த்ரெட் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டே "செட்டிங்ஸ் மாறியது" என்று பதிவு செய்ய வந்தது. அவ்வளவுதான். லாரித் தகவல் வாங்குகிற எட்டு பேரும் ஆளுக்கொரு வரி பதிவு எழுதப் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

பதிவு மாட்யூலும் செட்டிங்ஸ் மாட்யூலும் தம்பி எழுதினது இல்லை. அவன் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தவை.

கல்லூரியில் நாங்கள் படித்த டெட்லாக் ஞாபகம் வருகிறது. அண்ணா பல்கலைக்கழக ஓஎஸ் லேபில் பேங்கர்ஸ் அல்காரிதமும் டெட்லாக் கண்டறியும் அல்காரிதமும் இருக்கும். புரோகிராம் எப்படி ஆரம்பிக்கும்? எத்தனை புரோசஸ், எத்தனை ரிசோர்ஸ், அலொகேஷன் மேட்ரிக்ஸை உள்ளிடவும், ரெக்வெஸ்ட் மேட்ரிக்ஸை உள்ளிடவும். ஸ்கேன்எஃப்பில் எண்களைத் தட்டினால் "டெட்லாக் உண்டு" என்று வரும், ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடலாம். அந்த மேட்ரிக்ஸ் எங்கிருந்து வரும் என்று ஒரு வைவாவிலும் கேட்டதில்லை. வேலைக்கு வந்தபிறகு பார்த்தால் முழு வேலையே அதை நிரப்புவதுதான். யார் எதைப் பிடித்திருக்கிறார் என்பது ஓனர் புலத்தில் இருக்கிறது. யார் எதற்குக் காத்திருக்கிறார் என்பது அடுக்குகளில் இருக்கிறது. நிரப்பி முடித்தால் எங்கள் கேஸில் இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ், அதைக் கண்டறிய அல்காரிதம் எதற்கு, ஒன்பதாவது படிக்கிற பெண் பார்த்தால் சொல்லிவிடுவாள். லேபில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிஜமாகவே மாட்டிக்கொண்டு நிற்கிற புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, ஜிடிபியையும் ஸ்ட்ரேஸையும் கையில் கொடுத்து, மேட்ரிக்ஸை நீயே நிரப்பு என்று சொன்னால் போதும்.

இதில் இன்னொரு குறையும் உண்டு. ஜிடிபி ஒட்டினால் அத்தனை த்ரெட்டையும் நிறுத்தும். எங்கள் சர்வர் ஏற்கெனவே நின்றுபோனது, அதனால் கவலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை அப்படி நிறுத்தினால் அந்தப் பக்கம் ஹார்ட்பீட் போகாமல் இணைப்புகள் அறுந்து, புதுப் பிரச்சினை ஒன்று கிளம்பும். நிறுத்துவதற்குக் காரணமும் பிட்ரேஸ் காலத்துதான். டீபக்கர் பிரேக்பாயின்ட் வைக்கும்போது அந்த இடத்து உத்தரவை எடுத்துவிட்டு ஒரு பொறி உத்தரவை வைக்கிறது. ஒரு த்ரெட் பொறியில் விழுந்தால், அதைத் தாண்டவைக்க பழைய உத்தரவைத் திருப்பி வைத்து, ஒரு அடி எடுக்கவைத்து, மறுபடி பொறியை வைக்கும். அந்த இடைவெளியில் வேறு த்ரெட் அந்த வழியே போனால் தப்பிவிடும். ஆகவே எல்லாரையும் நிறுத்து.

இதற்கு விடை கண்டவர்களில் சிலர் நம்மிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. லினக்ஸ் மூலத்தில் கேப்ரோப்ஸ் கோப்பைத் திறந்து மேலே இருக்கிற குறிப்பைப் படியுங்கள். 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா எஸ் உருவாக்கினார், 2004 ஆகஸ்டில் பிரசன்னா எஸ் பஞ்சமுகி புதுப்பித்தார் என்று இருக்கும். இரண்டும் ஐபிஎம் இந்தியா மின்னஞ்சல் முகவரிகள். அது கெர்னலுக்குள் பார்க்க. நம்ம மாதிரி சாதாரண புரோகிராமுக்குள் பார்க்கிற யூப்ரோப்ஸ் 2012ல் 3.5 கெர்னலில் சேர்ந்தது. அந்தக் கோப்பின் தலையில் ஸ்ரீகர் துரோணம்ராஜு, ஜிம் கெனிஸ்டன் பெயர்கள், 2008-2012 என்று ஐபிஎம் காப்புரிமை வருஷங்கள். நாலு வருஷ உழைப்பு.

யூப்ரோப்ஸில் பொறியை எடுப்பதே இல்லை. விழுந்த த்ரெட்டுக்கு, பழைய உத்தரவின் நகல் ஒன்றை வேறொரு மூலையில் வைத்து அங்கே ஓடவிட்டு, திரும்ப வழியில் கொண்டுவந்து விடுகிறார்கள். மற்ற த்ரெட்கள் பாட்டுக்கு ஓடலாம், யாரும் தப்பவும் முடியாது, யாரையும் நிறுத்தவும் வேண்டாம். பொறி இருப்பது கோப்பின் ஒரு இடத்தில், ஒரு த்ரெட்டின் மேல் இல்லை. அதனால் "எந்த த்ரெட்டைப் பார்க்கணும்" என்ற கேள்வியே எழாது, அந்த வழியே வருகிற எல்லாரும் பதிவாவார்கள். த்ரெட் என்றால் பல என்ற நினைப்போடு தொடங்கிய வடிவமைப்பு என்பது இதுதான். இன்றைக்கு பிபிஎஃப்ட்ரேஸில் ஒரு வரி எழுதி ஃபங்ஷனுக்குள் எட்டிப்பார்ப்பவர்கள் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதையும் கும்பிடத் தேவையில்லை. ரூட் வேண்டும். ஒவ்வொரு விழுகையும் கெர்னலுக்குள் போய் வருகிற செலவு, ஆகவே நொடிக்கு லட்சம் தடவை கூப்பிடுகிற மியூடெக்ஸ் லாக் ஃபங்ஷனில் வைத்தால் சர்வர் திணறும். முக்கியமாக, வைத்த பிறகு நடப்பதுதான் தெரியும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நிற்கிற புரோகிராமிடம் அதனால் எதுவும் கேட்க முடியாது, அதற்கு ஜிடிபிதான். எங்களுக்கு அது உதவியது பூட்டு வரிசையைத் திருத்திய பிறகு: செட்டிங்ஸ் படிக்கிற ஃபங்ஷனிலும் பதிவுக் கோப்பை மாற்றுகிற ஃபங்ஷனிலும் மட்டும் ஆளுக்கொன்று வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தும் சர்வர் நிற்கவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது அறிக்கையை அவனே எழுதினான். எந்த பூட்டு, யார் கையில், யார் காத்திருந்தார் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு. படித்தவர்கள் பாராட்டினார்கள். பழைய அப்ரைசல் வரியை மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, அந்த வருஷம் மூடியாயிற்று என்று பதில் வந்தது. முதல் ராத்திரி ரீஸ்டார்ட் செய்யும் முன் ஜிகோர் அடித்து ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால், காலையிலேயே அந்த அறிக்கையை மறுத்திருக்கலாம். ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னவன் நான். அதை அவன் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது வேறு இடத்தில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினான். அவன் எழுதும் எல்லா சர்வரிலும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பெயர் வைக்கிறான். லினக்ஸ் 15 எழுத்துதான் அனுமதிக்கும், அதற்குள் அடக்க வேண்டும். டாப்பில் பெரிய எச்சை அழுத்தினால் பதிவு, செட்டிங்ஸ், வாங்கி-1, வாங்கி-2 என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் ஓடுகின்றன. மெயினுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அதுக்குப் பேர் வெச்சா புரோகிராம் பேரே மாறிடும்ணா, பிஎஸ்ஸில் தேடுகிற ஸ்கிரிப்ட் எல்லாம் உடைஞ்சிடும் என்றான்.